ஒரு பழத்துக்கு அறுபது கலோரி

ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்ததும் டாக்டர் ஓடொங்கோ நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நம்பிஜா பன்னிரண்டு வருடமாக டீச்சர். விடைத்தாளைப் பார்த்து முகம் சுளிப்பவர்களைக் கண்டிருக்கிறாள், தலையில் அடித்துக்கொள்பவர்களைக் கண்டிருக்கிறாள், எழுந்து ஓடியவரை இன்றுதான் காண்கிறாள். அவர் கதவைத் திறந்து நர்ஸைக் கூப்பிட்டு ஏதோ ஊசியின் பெயரைக் கத்தினார். காலையில் கட்டிலிலிருந்து இறங்கக் கால் வராமல் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்த அவள் புருஷன் லுத்தாயாவை, சட்டையைக் கழற்றி நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, திரைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்கள். கால் மரத்துப்போச்சு என்றுதானே வந்தோம், இதற்கு ஏன் நெஞ்சில் ஒயர் என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஊசி போட்டுவிட்டு டாக்டர் வெளியே வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"பொட்டாசியம் ஏழு புள்ளி ஒண்ணு. ஆறைத் தொட்டாலே நாங்க பயப்படுவோம். ஏழுன்னா இதயம் எந்த நிமிஷமும் நின்னுடலாம். என்னம்மா குடுத்தீங்க அவருக்கு? மட்டோக்கேயை நிறுத்தச் சொன்னேன்ல?"

"நிறுத்திட்டேன் டாக்டர்! ஆறு வாரமா எங்க வீட்டு அடுப்புல மட்டோக்கே ஏறல. அவரு சாப்பிடாதப்ப எனக்கெதுக்குன்னு நானும் விட்டுட்டேன். சர்ச்ல வேணாலும் வந்து சத்தியம் பண்றேன்."

அதில் ஒரு சொட்டுப் பொய் இல்லை. மசாக்காவில் ஒரு வீட்டில் மட்டோக்கே நிற்கிறது என்றால் அது சின்னக் காரியமா? பச்சைக் காயைத் தோல் சீவி, இலையில் பொதிந்து, ஆவியில் வைத்துப் பிசைந்து தட்டில் போட்டால்தான் அது சாப்பாடு. மற்றதெல்லாம் கொறிப்பது. போதாக்குறைக்கு லுத்தாயா மட்டோக்கே லாரி ஓட்டுகிறவன். பத்தொன்பது வருடமாக மசாக்காவிலிருந்து கம்பாலா சந்தைக்குப் பச்சைத் தார்களை ஏற்றிப் போகிறவன். ஆறு வாரத்துக்கு முன்னால், சிறுநீரகம் பாதிக்குமேல் போய்விட்டது, மட்டோக்கே கூடவே கூடாது, உப்பைக் குறை என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டபோது, "அப்ப நான் பட்டினி கிடக்கவா?" என்று நிஜமாகவே கேட்டான். வீடு திரும்பும் வழியெல்லாம் டாக்டரைத் திட்டிக்கொண்டே வந்தான். "வடக்கத்தி ஆளு. கேழ்வரகுக் களி தின்னு வளந்தவனுக்கு மட்டோக்கேயோட அருமை என்ன தெரியும்!"

முதல் வாரம் சோறு வைத்தாள். பறவைக்குப் போடு என்று தட்டைத் தள்ளினான். இரண்டாவது வாரம் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு லாரி ஏறினான். நம்பிஜா கலங்கிப்போனாள். ஆனால் அவள் சும்மா உட்கார்ந்து அழுகிற ரகம் இல்லை, சத்துணவுப் பாடம் நடத்துகிறவள். மூன்றாம் வகுப்புச் சுவரில் அவள் கையால் வரைந்த அட்டை இன்றும் தொங்குகிறது: மஞ்சள் வாழைப்பழம், அதற்குக் கண், மூக்கு, சிரிப்பு, கீழே கலோரி, மாவுச்சத்து, நார்ச்சத்து, பொட்டாசியம். பொட்டாசியத்துக்கு நேரே சிவப்பு மையில் 'இதயத்தின் நண்பன்'. வருடா வருடம் அறுபது பிள்ளைகள் அதைப் பாட்டுப்போல் ஒப்பித்திருக்கிறார்கள்.

ஆகவே அடுப்படிச் சுவரில் சாக்பீஸால் கணக்குப் போட்டாள். எண்டீஸி, விரல் நீளத்துக்குச் சின்னதாய் இருக்குமே, தேன்போல் இனிக்கிற பழம், ஒன்றுக்கு அறுபது கலோரி என்று வை. பத்து தின்றால் அறுநூறு. மட்டோக்கே போன இடத்தில் பாதியாவது அடைபடும். மாலையில், தீயில் வாட்டித் தின்கிற நீளப் பழமான கோன்ஜா இரண்டு. அவனும் தட்டாமல் தின்றான். முகத்தில் கொஞ்சம் களை வந்ததுபோல் இருந்தது. பார், என் கணக்கு தப்புமா என்று அவள் மனசுக்குள் தன்னையே மெச்சிக்கொண்டாள்.

"அப்ப என்னதான் சாப்பிட்டாரு?" என்றார் டாக்டர்.

"சோறு கொஞ்சம், முட்டை. நடுநடுவுல எண்டீஸி, பத்து. சில நாள் பன்னெண்டு. சாயங்காலம் கோன்ஜா ரெண்டு." கேள்விக்குப் பதில் தெரிந்த பிள்ளைபோல் நிமிர்ந்து நின்றுதான் சொன்னாள்.

டாக்டர் அவளையே பார்த்தார். "அதுவும் மட்டோக்கேதானம்மா."

"யார் சொன்னது?" அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "எண்டீஸி எண்டீஸி. கோன்ஜா கோன்ஜா. மட்டோக்கே மட்டோக்கே. ஒண்ணாம் கிளாஸ் பிள்ளைகிட்ட கேளுங்க, அதுகூட சிரிக்கும்."

"எல்லாமே வாழைதான் டீச்சர். காயா இருந்தா என்ன, பழமா இருந்தா என்ன, எல்லாத்துலயும் பொட்டாசியம் இருக்கு. நல்ல கிட்னின்னா அதிகமானதை வெளியேத்திடும். இவருக்கு அது முடியாது. அப்படியே ரத்தத்துல தங்கிடும்." அவர் சுவரோரம் இருந்த பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். "நான் விளக்கிச் சொல்லியிருக்கணும். இந்த ஊருக்கு வந்து வாழைக்குன்னு நான் கத்துக்கிட்டது அந்த ஒரு வார்த்தைதான். அதையே சொல்லிட்டுப் போயிட்டேன்."

நம்பிஜா தன் கைகளைப் பார்த்தாள். பத்தா? பன்னிரண்டா? ஒவ்வொன்றாய் உரித்து, நார் எடுத்து, "இன்னொண்ணே ஒண்ணு" என்று வாயருகே நீட்டிய இந்தக் கையா? நேற்றிரவு போதும் என்று தலையை ஆட்டினானே, "கலோரி குறையுது, தின்னுங்க" என்று அதட்டினாளே! ஐயோ, ஐயோ என்று அவள் வாய்விட்டுச் சொல்வது அவளுக்கே கேட்கவில்லை. பொட்டாசியம் என்ற சொல்லை அவள் அறியாதவளா? கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பாள்! தெரியாதவளாய் இருந்திருந்தால் அவனுக்கு வெறும் சோற்றை மட்டும் போட்டிருப்பாள்.

டாக்டர் அவளைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார். லுத்தாயா கண் திறந்திருந்தான். தலைமாட்டில் ஒரு பெட்டி பீப், பீப் என்று விட்டு விட்டுக் கத்தியது. அந்த இடைவெளி ஒவ்வொன்றும் அவளுக்கு ஒரு யுகமாக இருந்தது.

"என்ன டீச்சர், பரீட்சையில ஃபெயிலா?" என்றான். குரல் வெளியே வரவில்லை, உதடுதான் அசைந்தது. வெளியே டாக்டர் பேசியதெல்லாம் அவன் காதிலும் விழுந்திருக்கிறது.

"நான்தாங்க... நான்தான் உங்களை..."

"அழாத. ஆறு வாரத்துல எனக்குச் சாப்பாடு மாதிரி இருந்தது அது மட்டுந்தான்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். பெட்டி கத்திக்கொண்டிருந்தது. கம்பாலாவுக்குக் கொண்டுபோய் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆகும், அதுவரை இந்த ஊசி தாங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். தாங்குமா என்று அவள் கேட்டாள். பார்க்கலாம் என்றார். நர்ஸ் அவளை வெளியே உட்காரச் சொல்லித் திரையை இழுத்துவிட்டாள்.

நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து நிமிர்ந்தவளுக்கு எதிர்ச்சுவரில் அது இருந்தது. போன வருடம் சுகாதார தினத்தன்று அவள் வகுப்புப் பிள்ளைகள் வரைந்து ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த அட்டை. அவளுடையதைப் பார்த்து அப்படியே வரைந்தது. மஞ்சள் பழம், கண், மூக்கு, சிரிப்பு, இதயத்தின் நண்பன். அவள் பாய்ந்துபோய் ஆணியிலிருந்து அதைப் பிடுங்கினாள்.

"ஏன் டீச்சர் அதைக் கழட்டுறீங்க?" மருந்துத் தட்டோடு போன நர்ஸ் நின்றாள். "அதுல தப்பு ஒண்ணும் இல்லையே. மத்தவங்களுக்கெல்லாம் சரிதானே?"

ஆமாம், சரிதான். அதுதான் அவளைக் கொன்றது. மறுபடி மாட்டவும் முடியாமல், கிழிக்கவும் முடியாமல், அட்டையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

பெஞ்சின் மறுமுனையில் ஒரு இளம் தாய், மடியில் காய்ச்சல்கார மகளோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு நான்கு வயது இருக்கும். அதன் கண் நம்பிஜாவின் காலடியில் இருந்த பையின்மேலேயே நின்றது. பையின் வாய் வழியே ஒரு சீப்பு எண்டீஸி எட்டிப் பார்த்தது. காலையில் கிளம்பும்போது, வழியில் அவனுக்குப் பசிக்குமே என்று அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க, ஒண்ணு தருவீங்களா? நேத்துலருந்து இவ ஒண்ணுமே தொடல. இப்பத்தான் வேணுங்கிறா."

நம்பிஜா பைக்குள் கையை விட்டாள். பழம் விரலில் பட்டது, கை வெளியே வரவில்லை.

"டாக்டர்கிட்ட கேட்டியா?"

"எதுக்கு? வாழைப்பழத்துக்கா?" அந்தப் பெண் சிரித்தேவிட்டாள். தானே குனிந்து ஒன்றைப் பிய்த்து, உரித்து, மகளின் கையில் கொடுத்தாள்.

குழந்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடித்தது. திரைக்குப் பின்னால் பெட்டி ஒருமுறை கத்தி, நின்று, அடுத்ததற்கு நேரம் எடுத்துக்கொண்டது. நம்பிஜா மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தக் குழந்தையின் கவுன் நெஞ்சுப் பக்கம் ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.