யாரும் வராத அறை

என் கணவர் தத்துவ நாவல் எழுதுகிறார். அவருடைய கையெழுத்து கோழிக்கிறுக்கல் என்பதால் டைப் அடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நாவல் முழுக்க 'நான்' என்று ஒருவனே பேசுகிறான். வேறு ஈ காக்கை கிடையாது. அதுதான் உத்தியாம்.

ஏழாம் அத்தியாயத்தில் அவன் மூன்று நாள் அறைக்குள்ளேயே கிடக்கிறான். 'யாரும் வரவில்லை. மனிதன் தனியன். அவனுக்கு அவனே பொறுப்பு' என்கிறான்.

என் கணவர் அப்படிக் கிடந்த அந்த மூன்று நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேளை தவறாமல் தட்டைக் கொண்டுபோய் வைத்தவள் நான். திரும்ப எடுக்கும்போது டீ கப்பில் சிகரெட் துண்டு ஊறிக் கிடக்கும். எச்சில் தட்டின் ஓரத்தில் வெட்டிப்போட்ட கால்நகம் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்த அதே விரலால் 'யாரும் வரவில்லை' என்று அடித்தேன். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. அடித்து முடித்து, சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டு, எனக்கு மட்டும் போட்டுச் சாப்பிட்டேன்.

மூன்று மணிக்கு அறையிலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, சாப்பாடு என்னாச்சு?"

"அங்கதான் யாரும் வர்றதில்லையே."

"அது உத்திம்மா. உன்னை உள்ள விட்டா அவனோட தனிமை கெட்டுப்போயிடும்."

"அதான், கெடுக்க வேண்டாம்னு இருக்கேன்."