வெட்ட முடியாத நான்கு நிமிடம்

கறுப்பின நடனக்காரன் ரூபன் டாகெட் ஹாலிவுட்டுக்கு வந்து ஏழு படங்களில் ஆடிவிட்டான். தெற்கே அலபாமாவில் இருந்த அவன் அக்கா ஒர்லீன் ஒன்றில்கூட அவனைப் பார்த்ததில்லை.

"டேய், கறுப்பங்களுக்குன்னு விட்ட மாடியில ரெண்டு மணி நேரம் வேர்த்து வழிஞ்சு உட்கார்ந்திருந்தேன். நீ எங்கடா? நெசமாவே நடிக்கிறியா, இல்ல அங்க தட்டு கழுவுறியா?" என்று போனில் கேட்டாள்.

காரணம் அவனுக்குத் தெரியும். அவன் ஆட்டத்தைக் கதையோடு ஒட்டாமல்தான் எடுப்பார்கள். நாயகி கேளிக்கை விடுதிக்கு வருவாள், அவன் ஆடுவான், அவள் கைதட்டுவாள். தெற்கே போகும் பிரதிகளில் அந்த நாலு நிமிடத்தைக் கத்தரித்துவிட்டால் யாருக்கும் எதுவும் குறையாது. திரையில் கறுப்பர் முகம் தெரியக் கூடாதென்ற அங்கத்துத் தியேட்டர்காரர்களுக்கு அப்படித்தான் வேண்டியிருந்தது.

எட்டாவது படத்தில் நடன அமைப்பும் அவன் பொறுப்பில் வந்தது. போரில் செத்துப்போனதாக நினைத்த காதலன் உயிரோடிருக்கிறான் என்று நாயகிக்குத் தந்தி வர வேண்டும்; அதைப் படித்துத்தான் அவள் அவனிடம் போக ரயில் ஏறுவாள். ஓட்டல் சிப்பந்தி கொடுப்பதாக எழுதியிருந்ததை ரூபன் மாற்றினான். தந்தியோடு அவனே படிக்கட்டில் தடதடவென்று தாளம் போட்டு இறங்குவான்; அவள் எட்டிப் பிடிக்க வருவாள்; கடைசிப் படியில் கொடுப்பான். அவள் உரக்கப் படிக்கும்போதும் அவன் கால் நிற்காது. இயக்குநருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

நாயகியாக நடித்த மார்னி கெல்லஹர்தான் ஒத்திகையில் சட்டென்று நின்றாள்.

"டாகெட், இதை வெட்டினா நான் எதுக்கு ரயில் ஏறுறேன்னு ஒருத்தருக்கும் புரியாதே?"

"புரியாதுங்க மேடம்."

அவனையே ஒரு கணம் பார்த்தாள். "சரி, முதல்லருந்து போவோம். என் இடது கால் சொதப்புது."

படம் முடிந்து போட்டுப் பார்த்த அன்றே தயாரிப்பாளர் ஹாலண்ட் அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

"என்னையே மடக்கிட்டேன்னு நினைப்பா? வேற ஆளை வச்சுத் திரும்ப எடுக்கிறேன் பாரு."

"எடுங்க சார். ஏழு தடவை என்னை வெட்டினீங்க, வாயைத் திறக்கலையே. இந்தத் தடவை என் வேலையை ஒழுங்கா செஞ்சேன், அவ்வளவுதான்."

படிக்கட்டு செட்டை அதற்குள் பிரித்துவிட்டார்கள். மார்னியோ, தன் ஒப்பந்த நாட்கள் முடிந்துவிட்டன, ஒரு நாள்கூட வர முடியாது என்று எழுதியே அனுப்பிவிட்டாள். படம் வெட்டுப்படாமல் முழுசாகவே வெளியே போனது. தெற்கே பல தியேட்டர்கள் திருப்பி அனுப்பின. சில ஓட்டின.

ஒர்லீன் போன் செய்தாள். "பாத்தேன்டா! கீழ வெள்ளைக்காரங்க நாலு பேரு எழுந்து போனாங்க. போகட்டும். நாங்க மாடியில போட்ட கூச்சல்ல அவ தந்தியில என்ன படிச்சான்னே காதுல விழலை."

அந்த ஸ்டுடியோ அவனை அதற்கப்புறம் கூப்பிடவில்லை. இன்னொன்றில் நல்ல சம்பளம் சொன்னார்கள்.

"கதையில எனக்கு என்ன வேலை?" என்று கேட்டான்.

"கதையா? நீ வந்து ஆடிட்டுப் போ, போதும்."

ரூபன் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தான். "அப்படின்னா வேற ஆளைப் பாருங்க."

மறுவாரம் நியூயார்க்குக்கு ரயில் ஏறியவன், பதினோரு பேரைச் சேர்த்துச் சொந்த நடனக் குழு தொடங்கினான்.