அரம் பட்ட எண்

அக்காவின் பெயிண்ட் பட்டறைக்கு அந்த எட்டு சைக்கிள் சட்டங்களையும் கொண்டுவந்து இறக்கியது தம்பிதான். சொந்த வேன் ஓட்டுகிறவன். அனுப்பியவன் அவனோடு ஒரே பெஞ்சில் படித்த சிநேகிதன். மழை கொட்டினாலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டான் என்பதால் ஊரே அவனைக் கூலிங்கிளாஸ் என்றுதான் கூப்பிடும். பழைய சைக்கிள் வாங்கி விற்பது அவன் தொழில்.

மூன்றாம் நாள் அக்கா போன் செய்தாள். "உடனே கிளம்பி வா."

போனான். மூன்று சட்டங்கள் பெயிண்ட் சுரண்டப்பட்டு வெறும் இரும்பாக நின்றன. மற்ற ஐந்தும் தொடாமல் கிடந்தன. அக்கா ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினாள். பெடல் அச்சுக்குக் கீழே எண் குத்தியிருக்கும் இடம்.

"விரலை வச்சுப் பாரு."

வைத்தான். "எண் இருக்கே, அக்கா?"

"உருண்டையா இருக்கவேண்டிய இடம் ஏன்டா தட்டையா இருக்கு? அரம் போட்டுப் பழைய எண்ணை ராவிட்டு, மேல புதுசா குத்தி, பெயிண்ட்டைத் தடவி மறைச்சிருக்கான். அதுல ஏழுங்கிற இலக்கத்தைப் பாரு, குடிச்சவன் மாதிரி சாஞ்சு நிக்குது. மூணுலயும் இதே கதை."

தம்பி விரலை எடுத்துக்கொண்டான். "நமக்கெதுக்கு வம்பு? பெயிண்ட் அடிச்சுக் குடுத்துடு."

"அடிச்சா அந்தத் தடத்தை மறைச்சவ நான்தானே? என் கையால அது நடக்காது."

மறுநாள் காலை இருவரும் காவல் நிலையத்துக்குப் போனார்கள். இன்ஸ்பெக்டர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டார். "சைக்கிள் காணோம்னு யாராவது புகார் குடுத்தாங்களாம்மா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. ஆனா எண்ணை அழிச்சு மாத்துறதே தனிக் குற்றம்தானே? உங்க புத்தகத்துல ஒரு தடவை பாருங்களேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நிஜமாகவே சட்டப் புத்தகத்தை எடுத்தார். பத்து நிமிஷம் புரட்டியவர், ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

வழக்கு கோர்ட்டுக்கு வர ஏழு மாதம் ஆனது. அதற்குள் ஜாமீனில் வெளியே வந்த கூலிங்கிளாஸ் ஒருநாள் வேனை மறித்தான். "மச்சான், நான் குடுக்கும்போது எண் ஒழுங்கா இருந்துச்சு, சுரண்டும்போது உங்க அக்காதான் கெடுத்துட்டான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. இல்லேன்னா ஏத்திவந்த வண்டி உன்னுதுன்னு நானும் சொல்ல வேண்டிவரும்."

ஒரே பெஞ்சில் உட்கார்ந்த ஆறு வருஷம் தம்பிக்கு அன்றோடு கசந்துபோனது. "வண்டி என்னுதுதான்னு நானே சொல்லிக்கிறேன். வழியை விடு."

சொன்னபடியே கூண்டில் ஏறிச் சொன்னான். எங்கே ஏற்றினான், யார் ஏற்றச் சொன்னது, எத்தனை சட்டம், எதையும் விடவில்லை.

அடுத்து அக்கா. நகக்கண்ணில் நீலப் பெயிண்ட் அப்படியே இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார். "பெயிண்ட்டைச் சுரண்டுறது நீங்க. உப்புத்தாள் போடுறது நீங்க. அந்த இடத்தைத் தட்டையாக்கினது மட்டும் வேற ஆளா?"

"மூணுல நான் கை வச்சது உண்மைங்க. சந்தேகம் வந்ததும் நிறுத்திட்டேன். மீதி அஞ்சையும் வந்தபடியே பெயிண்ட்டோட போலீஸ்ல ஒப்படைச்சேன். பெயிண்ட்டுக்கு அடியில இருக்கிற இரும்பை, பெயிண்ட்டைத் தொடாம நான் எப்படிங்க ராவ முடியும்?"

வக்கீலின் சிரிப்பு பாதியில் நின்றது. நீதிபதி குனிந்து எழுதிக்கொண்டார். அந்த ஐந்திலும் பெயிண்ட்டுக்கு அடியில் அரத்தின் கோடுகள் இருந்ததாகப் பரிசோதனைக் கூடத்தின் அறிக்கை சொன்னது. அமிலம் தடவியபோது, அழிந்ததாக நினைத்த பழைய எண்கள் எட்டில் ஆறு சட்டங்களில் மங்கலாக மேலே வந்திருந்தன. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தம்பிக்கு நெஞ்சு விம்மியது. பக்கத்தில் இருந்தவர் முகம் தெரியாத ஆள். ஆனாலும் அவர் காதில், "அது எங்க அக்கா" என்று சொல்லிவிட்டான்.

கூலிங்கிளாஸுக்கு இரண்டு வருஷம் சிறை. தீர்ப்பு நாளில் கண்ணாடியைக் கழற்றியிருந்தான். அவன் கண்ணை அன்றுதான் பலர் முதல்முறையாகப் பார்த்தார்கள்.

ஆறு எண்களை வைத்து நான்கு உரிமையாளர்களைப் போலீஸ் தேடிப் பிடித்தது. அதில் ஒருத்தி ஆஸ்பத்திரி நர்ஸ். சைக்கிள் தொலைந்த நாளிலிருந்து வேலைக்கு ஒரு மணி நேரம் நடந்தே போய்க்கொண்டிருந்தாள். கிடைத்த சட்டத்தைத் தோளில் சுமந்துகொண்டு நேராகப் பட்டறைக்கு வந்தாள்.

"நீங்களே பெயிண்ட் அடிச்சுத் தரணும். பச்சை."

"எந்தப் பச்சை?" என்று அக்கா வண்ண அட்டையை எடுத்து நீட்டினாள். இருவரும் வாசல் வெளிச்சத்துக்கு நகர்ந்தார்கள்.

தம்பி வேன் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். அடுத்த லோடுக்கு நேரமாகியிருந்தது. போன் இரண்டு தடவை அடித்தும் எடுக்கத் தோன்றவில்லை.