இருபது சல்லடைகள்

பழைய சல்லடையைத் தேய்ப்பதைப் போல எரிச்சல் பிடித்த வேலை வேறு கிடையாது. குண்டான் என்றால் நாலு தேய்ப்பில் அழுக்கு விட்டுவிடும். சல்லடையில் ஒவ்வொரு ஓட்டையிலும் யாரோ ஒருத்தி சலித்த மாவு பத்து வருடமாகக் குடியிருக்கும். ஊசியால் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். அப்படி இருபது சல்லடை தேய்த்தேன். விரல் நுனியெல்லாம் எரிந்தது, இடுப்பு கழன்றுவிட்டது, யார் பேசினாலும் கடித்துக் குதறலாம் போல இருந்தது. தேய்த்து முடிக்கும் வரை என் வீட்டுக்காரர் இன்பராஜ் என்னிடம் வாயே திறக்கவில்லை. புத்திசாலி.

என் பெயர் இசபெல். ஊர் ஆமத்தூர். பதினாலு வருடம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து சலித்தவள். இரண்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் கம்பெனியில் வெடி விபத்து. மணி மருந்து உராய்ந்து தீப்பிடித்ததாகப் பேப்பரில் போட்டார்கள். என்னோடு வேலை பார்த்த சின்னத்தாய் செத்துப்போனாள். அன்றைக்குச் சனிக்கிழமை. எங்கள் சர்ச்சில் ஆளுக்கொரு பொருள் கொண்டுபோய்க் கொடுக்கிற அறுப்பின் பண்டிகை விற்பனை என்று நான் லீவு போட்டிருந்தேன்.

அந்த விற்பனைக்குத்தான் முதன்முதலாகக் கம்மல் ஸ்டாண்ட் செய்தேன். வீட்டில் கிடந்த ஓட்டை பெரிசான சல்லடை ஒன்றுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, விளிம்புக்குத் தங்கக் கலர் பெயின்ட் அடித்து, ஒரு பழைய டம்ளரைக் கவிழ்த்து அதன்மேல் எம்சீல் வைத்து நிறுத்தினேன். கம்மலின் தண்டு ஓட்டைக்குள் பாந்தமாக நுழைந்தது. பின்பக்கம் திருகு போட்டால் அசையாது. ஒரே சல்லடையில் நாற்பது ஜோடிக் கம்மல் நிற்கும். விருதுநகரில் கவரிங் நகைக்கடை வைத்திருக்கிற வெள்ளைத்துரை அண்ணாச்சியின் மருமகள் பிரீத்திகா, யாரோ டீச்சரம்மா கூப்பிட்டு அந்த விற்பனைக்கு வந்திருந்தாள். அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் செல்போன் நம்பரை வாங்கிக்கொண்டாள். நான் வீட்டுக்குத் திரும்புவதற்குள் ஊருக்குள் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுவிட்டது.

கம்பெனி பூட்டிக் கிடந்தது. மகள் ஜாஸ்பின் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். இன்பராஜ் ஓட்டுகிற லோடு ஆட்டோ ஒரு நாள் ஓடினால் இரண்டு நாள் ஒர்க் ஷாப்பில் நிற்கும். போன வாரம் போர்மேன் ஜெயபாண்டி வீட்டுக்கே வந்துவிட்டான்.

"யக்கா, லைசென்சு வந்துருச்சு. திங்கக்கிழமை தொறக்குதோம். ஏழு மணிக்கு வேன் வரும். வாறீகளா, வேற ஆளு போடட்டுமா?"

இன்பராஜ் தலையைக் குனிந்துகொண்டு, "போகாதன்னு சொல்ல எனக்கு வக்கு இல்ல, இசபெல்" என்றார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மருந்து சலிக்கிற அந்த அறைக்குள் மறுபடியும் கால் வைக்க என்னால் முடியாது.

மறுநாளே பிரீத்திகா போன் பண்ணினாள். அவர்கள் புதுக்கடைக்கும் அதே திங்கட்கிழமைதான் திறப்பு. இருபத்தஞ்சு ஸ்டாண்ட் வேண்டும், அதில் இருபது சல்லடையாகவே இருக்கட்டும், சரியாக அமைந்தால் சிவகாசிக் கடைக்கும் எனக்குத்தான் ஆர்டர் என்றாள். வேனில் ஏறாமல் இருக்க எனக்குக் கிடைத்த ஒரே வழி அதுதான். ஜெயபாண்டியிடம், சனிக்கிழமைக்குள் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டேன்.

செல்லப்பாண்டியின் பழைய இரும்புக் கடையில் இரண்டு நாள் குப்பையைக் கிளறினேன். அவன் முதலில் சிரித்தான், பிறகு அவனே தேடிக் கொடுத்தான். பூரிக்கட்டைக்கு வெல்வெட் சுற்றி வளையல் மாட்ட வைத்தேன். இட்லித் தட்டின் குழியில் பஞ்சு வைத்துத் துணி ஒட்டினால் மோதிரத்துக்கு அளவெடுத்தது போல இருந்தது. அஞ்சறைப் பெட்டி மூக்குத்திக்கு. ஆனால் கண்ணைப் பறித்தது சல்லடைதான். இருபதும் வரிசையாகக் கூடத்தில் நின்றபோது எனக்கே நம்ப முடியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு விருதுநகர் போனோம். கடைக்குள் புது பெயின்ட் வாசம். பிரீத்திகா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். வெள்ளைத்துரை அண்ணாச்சி வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும், வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. பூரிக்கட்டையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, "பரவால்லையே!" என்றார். அதற்கப்புறம் சுவரோரம் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இது என்னம்மா?"

"கம்மல் ஸ்டாண்டு, அண்ணாச்சி."

"சல்லடைல்லா இது! கடைக்குள்ள சல்லடைய வச்சா வார காசெல்லாம் ஒழுகிராதா? புதுக்கடை தொறக்குத அன்னைக்கு எவனாவது சல்லடைய உள்ள கொண்டாருவானா?"

"மாமா, டிஸ்பிளேக்குத்தான..." என்று பிரீத்திகா ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு, தாயி. யம்மா, மத்த அஞ்சையும் வச்சிட்டுப் போ. இத எடுத்துக்கோ."

நானும் இந்தப் பக்கத்துக்காரிதான். சல்லடையைக் கடைக்குள் வைக்கமாட்டார்கள் என்று எனக்கு ஏன் உறைக்காமல் போனது என்று தெரியவில்லை. பதினாலு வருடம் அதையே கையில் பிடித்துப் பிடித்து, அது எனக்கு இன்னொரு கை மாதிரி ஆகிவிட்டது போல. இன்பராஜ் திருப்பிக் கொண்டுபோக ஒரு சல்லடையைக் கையில் எடுத்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"வைங்க அத" என்று அவரிடம் சொல்லிவிட்டு அண்ணாச்சி பக்கம் திரும்பினேன். "ஒழுகுமா, அண்ணாச்சி? பதினாலு வருசமா நான் சல்லடை பிடிச்சிருக்கேன். காலையில உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் மருந்து சலிப்பேன். எங்க மொதலாளிக்கு ஒத்தப் பைசா ஒழுகல. நான் வேலைக்குச் சேந்தப்ப அவுகளுக்கு ஒரு கம்பெனி. இப்ப மூணு கம்பெனி, ரெண்டு கல்யாண மண்டபம். இந்தப் பக்கத்துல நிக்கிற அம்புட்டுப் பங்களாவும் சல்லடையில சலிச்சு எடுத்ததுதான். ஒழுகினதெல்லாம் எங்க உசுருதான்!"

இன்பராஜ் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். ஆர்டர் போனது போனதுதான் என்று நானும் முடிவு செய்துவிட்டேன். அண்ணாச்சி கோபப்படவில்லை. மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"நீ சொல்லுததும் வாஸ்தவந்தான்" என்றார். "அப்ப அது ராசியான சல்லடைன்னு சொல்லு."

எனக்குப் புரியவில்லை.

"ஒண்ணு செய்யி. நீ சலிச்சேல்லா, அந்தச் சல்லடைய உங்க கம்பெனியில கேட்டு வாங்கிட்டு வா. கல்லாவுக்கு மேல மாட்டிருவோம். இந்த இருபதையும் நான் எடுத்துக்கிடுதேன். சிவகாசிக் கடையும் ஒனக்குத்தான்."

அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகத்தான் கேட்டார். நான் வயிறெரிந்து சொன்னதை அந்த மனுஷர் ராசியாக எடுத்துக்கொண்டார். சிரிப்பதா, அங்கேயே உட்கார்ந்து அழுவதா என்று தெரியவில்லை. இரண்டு மாதமாக யாரிடமும் சொல்லாததை, கட்டின புருஷனிடம்கூடச் சொல்லாததை, முன்பின் தெரியாத அந்த ஆளிடம் சொன்னேன்.

"அந்தச் சல்லடை இல்ல, அண்ணாச்சி. கம்பெனி வெடிச்ச அன்னைக்கு நான் லீவு. 'எம் எடத்தப் பாத்துக்கிடு'ன்னு சின்னத்தாயிகிட்ட நான்தான் சொன்னேன். அவளுக்கு அது வேலையே இல்ல, அவ திரி சுத்துறவ. நான் கேட்டேன்னுதான் எம் எடத்துல உக்காந்தா. என் சல்லடை அவ கையிலதான் இருந்துச்சு. சல்லடையும் கெடைக்கல. அவளும் முழுசாக் கெடைக்கல."

இன்பராஜ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னார். பிறகு வேலைக்காரப் பையன்களைப் பார்த்து, "இருபதையும் வைங்கடே" என்றார். இரக்கப்பட்டுச் சொன்னாரா, இன்னமும் ராசி பார்த்துத்தான் சொன்னாரா, எனக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது.

ஆட்டோவில் திரும்பும்போது இன்பராஜ், "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா" என்றார். அன்றைக்கு ராத்திரியே ஜெயபாண்டிக்குப் போன் போட்டு, இனிமேல் வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். இரண்டு மாதத்தில் அன்றைக்குத்தான் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன்.

இன்று திங்கட்கிழமை. காலையில் ஏழு மணிக்கு ஹாரன் சத்தம் கேட்டதும் பழக்கதோஷத்தில் வாசலுக்கு வந்துவிட்டேன். இரண்டு வீடு தள்ளித் தெருமுனையில் வேன் நின்றது. ஜன்னலோரம், வழக்கமாக நான் உட்கார்கிற இடத்தில், சின்னத்தாயின் தங்கச்சி பத்திரகாளி உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயது. கல்யாணம்கூட ஆகவில்லை. மடியில் டிபன் பையை வைத்திருந்தாள்.

என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "யக்கா! நீங்க வரலன்னு தெரிஞ்சதும் போர்மேன் அண்ணன்கிட்ட ஒங்க எடத்தக் கேட்டேன். ஒடனே தாரேன்னுட்டாக."

வேன் பக்கம் ஓடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"எறங்கு."

"என்னக்கா?"

"எறங்குட்டி! எனக்கு ஆளு வேணும். சிவகாசிக் கடைக்கு நாப்பது ஸ்டாண்டு செய்யணும். நீ வா, சல்லடை தேக்கலாம்."

"தேய்ப்போம்க்கா. தெனம் வேலை இருக்குமாக்கா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. நாற்பது முடிந்தால் அடுத்தது என்ன என்று எனக்கே தெரியாது.

"எங்கக்கா பிள்ளைக ரெண்டையும் இனிமே நாந்தான பாக்கணும்" என்றாள் அவள். "நீங்க கவலப்படாதீக. சாயங்காலம் வேலை விட்டதும் நேரா ஒங்க வீட்டுக்கு வாரேன். எத்தன சல்லடை இருந்தாலும் தேச்சுத் தாரேன்."

"யக்கா, கைய எடுங்க, நேரமாகுது" என்று முன்னாலிருந்து ஜெயபாண்டி கத்தினான்.

கையை எடுத்தேன். வேறென்ன செய்ய முடியும்?

"சாயங்காலம் வந்துரு" என்றேன்.

"வாரேன்க்கா."

"வந்துரணும். கேட்டியா?"

அவள் தலையாட்டினாள். வேன் போய்விட்டது. வீட்டுக்குள் வந்து சிவகாசிக் கடைக்கென்று எடுத்துவைத்த சல்லடை ஒன்றை மடியில் வைத்தேன், ஊசியை எடுத்தேன், ஒரு ஓட்டைகூடக் குத்தாமல் கீழே வைத்துவிட்டேன். இன்பராஜ் சாப்பிடக் கூப்பிட்டார், போகவில்லை. இப்போது மணி மூன்று. வேன் வர இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கிறது.