கருடன் இறங்கிய கொல்லை

சேலையூர் ஏரிக்கும் எங்கள் வரிசை வீடுகளுக்கும் நடுவில் அப்போதெல்லாம் ஒரு கட்டடம்கூடக் கிடையாது. கொல்லைக் கதவைத் திறந்தால் நாலைந்து பனைமரங்கள், அப்புறம் வெட்டவெளிதான். அறுபத்தொன்பதில் எனக்குப் பதினான்கு வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியிருந்தேன். எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் எனக்குக் குரல் வராது. காரணம் அவ்வளவுதான். அம்மா டீச்சர். அவர் எட்டு மணிக்குக் கிளம்பிப் போனால் வீட்டில் நான் மட்டும்.

பக்கத்து வீட்டு ரமா மாமியிடம் மட்டும் எனக்குப் பேச்சு வரும். மாமி இடுப்பளவு மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று அரிசி களைவார், நான் இந்தப் பக்கம் பாத்திரம் தேய்ப்பேன். அவருடைய ஐந்து வயது மகன் கிட்டு மதில்மேல் உட்கார்ந்திருப்பான். அவன் தலைமுடி திருப்பதிக்கு நேர்ந்துகொண்டது. இரண்டு வருஷமாகப் போக வாய்க்கவில்லை. அதனால் ரெட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் ஓடுவான்.

புதனும் சனியும் மீன்காரி புஷ்பம் வருவாள். அவள் குரல் கேட்டதும் மாமி கொல்லைக் கதவைச் சாத்திக்கொள்வார். நான் கொல்லையில் உட்கார்ந்து மீன் ஆய்வேன். ஏரிக்கு மேலே ஒரு செம்பருந்து சுற்றும். வெள்ளைத் தலை, செங்கல் நிற இறக்கை. தவளை, நண்டு என்று பிடித்துத் தின்னும். கதவு கிறீச்சிட்டாலே பறந்துவிடும். ஒரு நாள் மீன் குடலை அதற்காகத் தூர எறிந்தேன். நான் உள்ளே போன பிறகு வந்து எடுத்தது. அடுத்த முறை நான் வாசற்படியில் நிற்கும்போதே எடுத்தது. இரண்டே மாதத்தில், அலுமினியத் தட்டின் விளிம்பில் கத்தியால் இரண்டு தட்டு தட்டினால் போதும், பனையிலிருந்து இறங்கி நான் எறிவதை அந்தரத்திலேயே பிடித்தது.

"இன்னா பாப்பா, பருந்த நாட்டுக்கோயி மாரி ஆக்கிட்டியே!" என்றாள் புஷ்பம். "ஏரியாண்ட இப்ப அத்தக் காணோம். உன் வூட்டு மரத்துலயே குந்திகினு கீது."

எனக்குப் பெருமையாக இருந்தது. என் சத்தத்துக்கு ஒரு உயிர் வருகிறதே.

மாமிக்கு வேறு விதமாகத் தெரிந்தது. "நம்மாத்தைப் பாத்துண்டே உக்காந்துண்டிருக்கார் பாரேன், ஜோதி! தினம் கருட தரிசனம்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். தெருவில் நாலு பேரைக் கூட்டிவந்து காட்டினார். அந்த முகத்தைப் பார்த்தபின் மீன் குடலைப் பற்றி எப்படிச் சொல்வது?

ஒரு வியாழக்கிழமை கிட்டு மதில்மேல் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். விளையாட்டாகக் கரண்டியால் தட்டைத் தட்டினான். நான் எழுந்திருப்பதற்குள் பருந்து இறங்கிவிட்டது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை நகம் கிழித்தது. தட்டில் மீன் இல்லை என்று தெரிந்ததும் பனைக்கே திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டது.

டாக்டர் ஊசி போட்டுக் கட்டுக் கட்டினார். காயத்தைவிட மாமிக்குப் பயம்தான் பெரிதாக இருந்தது. "முடியைக் குடுக்காம வச்சிண்டிருக்கோமோன்னோ, அதான் கேட்டுட்டார்" என்றார். அன்றிலிருந்து ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் அரைகுறை. மதில் பக்கமே வரவில்லை. ஐந்தாம் நாள் ஜன்னல் வழியே பார்த்தேன். மாமிக்குக் கண் உள்ளே போயிருந்தது.

சொன்னால் மாமி என்னிடம் பேசுவதை விட்டுவிடுவார். சொல்லாவிட்டால் இப்படியே பயந்து பயந்து தேய்ந்து போவார். மத்தியானம் அவர் வீட்டு முன்வாசலில் போய் நின்றேன். குரல் வரவில்லை. மாமியே, "என்னடி?" என்றார்.

"அது சாமி கோபம் இல்ல மாமி. மீன் குடல்."

"என்ன உளர்றே?"

எல்லாவற்றையும் சொன்னேன். எப்படித் தட்டுவேன் என்று கதவில் தட்டிக் காட்டினேன். கிட்டு கட்டுப் போட்ட கையோடு ஓடிவந்து, "அக்கா, எனக்கும் சொல்லிக்குடு!" என்றான்.

மாமி அவனைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இத்தனை நாளா நான் கன்னத்துல போட்டுண்டது உன் மீன் குடலுக்கா?" என்றார். பிறகு, "ஆத்துக்குப் போ" என்றார்.

அதன்பின் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே மீன் ஆய்ந்தேன். நாற்றம் தாங்காமல் அம்மா திட்டினார். பருந்து பனையில் உட்கார்ந்து கைக்குழந்தை அழுவதுபோலக் கத்தியது. ஒரு புதன்கிழமை வாசற்படிவரை நடந்தே வந்தது. காதைப் பொத்திக்கொண்டேன். மூன்றாவது வாரம் மரம் காலியாக இருந்தது.

அடுத்த நாள் மாமி மதிலருகே வந்தார். என்னைப் பார்க்காமலே அரிசி களைந்தார்.

"எங்கே, உன் ஆளைக் காணோம்?"

"ஏரிக்குப் போயிடுச்சு மாமி. காலையில ஒரு தண்ணிப்பாம்பைத் தூக்கிட்டுப் போச்சு."

"சீ, சொல்லாதே. வயத்தைப் புரட்டறது."

களைந்த தண்ணீரை வாழை மரத்தடியில் ஊற்றினார். கொஞ்ச நேரம் ஏரிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாம்பு நீளமா இருந்துதா?"

ஒரு முழம்கூட இருந்திருக்காது.

"ரொம்ப நீளம் மாமி" என்றேன்.