யோர்தான் கதை சொன்ன தந்தை

மலைக்கோட்டையின் உச்சியில் இறுதிக் கதிர் தயங்கி நிற்க, மேலைவானம் செம்பஞ்சுக் குழம்பெனக் கசிந்துருக, ஆடிப் புதுப்புனல் இருகரையும் தழுவித் திருச்சிராப்பள்ளிக்கும் திருவரங்கத்துக்கும் இடையே முழங்கிப் பெருகிய மாலைப்பொழுதில், பாலத்தின்மேல் ஊர்ந்த பேருந்தொன்றின் சாளரத்தருகே அமர்ந்திருந்தார் பாக்கியநாதன். மின்கம்பம் ஏறி உழைத்து ஓய்ந்தவர், மனைவியை இழந்தவர். திருவரங்கத்தில் வாழும் ஒரே மகள் லூர்துராணியிடம், அவள் ஈன்ற பெண்மகவுக்குத் ஞானஸ்நானம் எனும் திருமுழுக்கு அளிக்க இசைவு கேட்கவே அவர் சென்றுகொண்டிருந்தார்.

கற்றறிந்த நெஞ்சினீர், வீட்டிலிருக்கையிலும் வழிநடக்கையிலும் இறைமொழியைப் பிள்ளைகளுக்கு ஓயாது உரைக்கவேண்டும் என்று எபிரேயர்தம் மறை பணித்ததை நீவிர் அறிவீர். பாக்கியநாதன் அதனை உயிர்மூச்சாகக் கொண்டவர். லூர்துராணியையும் அவள் தம்பி அடைக்கலராசையும் இருகையிலும் பற்றி இக்காவிரிக் கரையில் நடத்திச் செல்லும்போதெல்லாம், இறைவனின் உடன்படிக்கைப் பேழை சுமந்த குருக்களின் பாதம் பட்டதும் யோர்தான் ஆறு சுவரென எழுந்து நின்று வழிவிட்ட கதையைக் கண்கள் பனிக்கச் சொல்லுவார். நம்பிக் காலெடுத்து வைப்போர்க்கு நீர் என்றும் விலகும் என்று முடிப்பார். அங்ஙனம் வளர்ந்து வருகையில், ஓர் ஆடிப்பெருக்கில் அடைக்கலராசை வெள்ளம் கொண்டுபோயிற்று. வழுக்கி வீழ்ந்தான் என்றனர் ஊரார். தாய் அத்துயரிலேயே நலிந்து மாண்டாள். தந்தையோ, புயலில் வேரை இன்னும் ஆழமாய் ஊன்றும் மரம்போல, எஞ்சிய மகளுக்கு முன்னினும் மிகுதியாய் மறையுரைத்தார். அவளோ வளர்ந்ததும் ஆலயம் செல்வதை விட்டாள். தாம் கற்பித்ததில் ஏதோ குறை நேர்ந்தது என்றே அவர் நெடுநாள் வருந்தினார்.

அவர் வந்து சேர்ந்த வீட்டில், தொட்டிலில் மகவு துயில, மகள் எதிரே அமர்ந்தாள்.

"பாப்பாவுக்குத் திருமுழுக்கு குடுத்துரலாம்மா. மாப்பிள்ளைகூட சரின்னுட்டார்."

"வேணாம்ப்பா."

"ஏம்மா? நான் உனக்குச் சரியாச் சொல்லிக் குடுக்கலையா?"

"சொல்லிக் குடுத்தீங்க. மேல கேக்காதீங்கப்பா."

"கேக்காம எப்படிம்மா? என் காலத்துக்கப்புறம் இந்தப் பிள்ளைக்குச் சாமியப் பத்தி யாரு சொல்லுவா?"

 அப்போது அவள், பன்னெடுங்காலம் அடைத்து வைத்த கதவு தானே திறந்தாற்போலப் பேசினாள்.

"தம்பி வழுக்கி விழலப்பா. 'தண்ணி நிக்கும், பாருக்கா'ன்னு சிரிச்சுக்கிட்டே இறங்கினான். நானும் நிக்கும்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். அதான் நான் கத்தவே இல்ல."

பாக்கியநாதனின் முகம் சாம்பல் பூத்தது. அவர் வினவினார்.

"இத்தனை வருசமா ஏம்மா சொல்லல?"

"அம்மாவும் போயிட்டாங்க. உங்களுக்கு அந்த நம்பிக்கை ஒண்ணுதானேப்பா மிச்சம் இருந்துச்சு."

அவ்வேளை மகவு விழித்து அழுதது. எப்போதும் போல் அவள் அதனை எடுத்து அவர் மடியில் கிடத்தினாள். எப்போதும் போல் அதன் நெற்றியில் சிலுவை வரைய அவர் கை எழுந்தது, பிஞ்சு முகத்துக்கு மேலே நின்றது, வரையாமலே தாழ்ந்தது. மகள் அதனைக் கண்டாள். வேண்டாம் என்று மறுத்தவளாயினும், அவர் கை தாழ்ந்தபோது வாய்பொத்தி விம்மினாள்.

"சாப்பிட்டுட்டுப் போங்கப்பா."

"இல்லம்மா. போயிட்டு வரேன்."

அதன்பின் அவர் திருமுழுக்கைப் பற்றி வாய்திறக்கவில்லை. ஞாயிறுதோறும் ஆலயத்தில் தமக்குரிய இடத்தில் அமர்வார். சபையார் எழுந்து, நம்புகிறேன் என்று ஒருகுரலாய் முழங்குகையில், அவரும் எழுவார். இதழ் மட்டும் அசையாது. கொடுத்தது குறைவோ என்று ஏங்கும் தந்தையர்க்கு என்றேனும் ஓர் ஆறுதல் வாய்க்கக்கூடும். சொன்ன சொல் ஒன்றும் சிந்தாமல் பிள்ளைகள் இருவரும் முழுமையாய்ப் பெற்றுக்கொண்டனர் என்று அறிந்த அத்தந்தைக்கு, மண்ணிலும் விண்ணிலும் முறையிட ஓர் இடம் இல்லாது போயிற்று.