உப்புக்குப் பத்து மதிப்பெண்

வியாழக்கிழமை மதியம், அர்ஜியாவின் சாப்பாட்டுக்கடையில், ஆர்மிதோ தன் தட்டிலிருந்த ஞோக்கி என்ற உருளைக்கிழங்கு மாவு உருண்டை ஒன்றை முள்கரண்டியால் குத்தி எடுத்து, வாயில் போடாமல் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்து நான்கு வருடம் காஸ்தெல்வெர்னோ என்ற இத்தாலிய மலையூரின் போக்குவரத்துப் போலீஸ்காரராக இருந்தவர். ஓட்டுநர் உரிமங்களை இப்படித்தான் பார்ப்பார். உரிமம் சரியாக இருந்தால் அவருடைய சந்தேகம் இன்னும் கொஞ்சம் கூடும்.

அந்த ஊரில் மொத்தம் ஒரே ஒரு கடைத்தெரு. ஏழு நிமிடத்தில் நடந்து முடித்துவிடலாம். ஆர்மிதோ பணியிலிருந்த காலத்தில் அதைக் கடக்க எல்லோருக்கும் அரைமணி நேரம் பிடித்தது. ஒருமுறை பல்வலி தாங்காமல் அவரே தன் வண்டியைத் தேவாலய வாசலில் நிறுத்திவிட்டு மருந்துக்கடைக்கு ஓடினார். திரும்பி வந்து பார்த்தார். வண்டி நிற்கக் கூடாத இடத்தில் நின்றது. தனக்குத்தானே அபராதச் சீட்டு எழுதிக் கண்ணாடியில் செருகினார். மறுநாள் ஆட்சேபம் தெரிவித்து மனு கொடுத்தார். அதை விசாரித்தவரும் அவர்தான். மனுதாரரின் முகத்தில் நாணயம் தெரியவில்லை என்று எழுதி மனுவைத் தள்ளுபடி செய்தார்.

அப்படிப்பட்டவருக்குப் பிப்ரவரியிலிருந்து ஒரு சந்தேகம். அர்ஜியா அவருக்குப் போடும் சாப்பாட்டில் உப்பு இல்லை. முதலில் மூன்று முறை தட்டைத் திருப்பி அனுப்பினார். மூன்று முறையும் அர்ஜியாவின் கணவர் ஒரேஸ்தே ஒன்றும் பேசாமல் எடுத்துப் போய், ஒன்றும் பேசாமல் கொண்டுவந்து வைத்தார். ஒரேஸ்தே கல்யாணத்தன்று 'சரி' என்று சொன்னதோடு பேச்சை நிறுத்திக்கொண்டவர் என்று ஊரில் சொல்வார்கள். நான்காவது முறை ஆர்மிதோ திருப்பி அனுப்பவில்லை. குற்றவாளியை உஷார்படுத்தக் கூடாது. அதற்குப் பதிலாகச் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டார். 'மார்ச் 3. பீன்ஸ் சூப். உப்பில்லை. சமையல்காரி சமையலறை வாசலில் நின்று நான் சாப்பிடுவதைப் பார்த்தாள்.' 'மார்ச் 10. ஞோக்கி. உப்பில்லை. சமையல்காரி மறுபடி பார்த்தாள். நான் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.'

முதல் சந்தேகம் மகள் மேல் விழுந்தது. பிராத்தோ நகரத்திலிருக்கும் லொரியானாவுக்கு அப்பாவின் ரத்தக்கொதிப்பைப் பற்றி ஓயாத கவலை. அவள்தான் அர்ஜியாவுக்கு ரகசியமாகச் சொல்லியிருப்பாள். தொலைபேசியில் கூப்பிட்டு, மழை, பேரன், பக்கத்துவீட்டு நாய் என்று சுற்றிவளைத்துக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"அப்பா, நான் அர்ஜியாகூடப் பேசியே ரெண்டு வருஷம் ஆச்சு. ஏன், சண்டையா?"

"ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்."

"நீங்க எதையும் சும்மா கேக்கமாட்டீங்களே."

மகள் அவரையே சந்தேகப்படுகிறாள் என்று தெரிந்ததும் ஆர்மிதோ அவளை விடுவித்தார்.

அதன் பிறகுதான் பெரிய சந்தேகம் வந்தது. ஊரில் நான்கு பேட்டைகள். ஏப்ரல் கடைசி ஞாயிறு ஒவ்வொரு பேட்டையும் சதுக்கத்தில் ஒரு கொப்பரை வைத்துக் காட்டுப்பன்றிக் குழம்பு காய்ச்சும். மூன்று நடுவர்கள். இறைச்சிக்கு ஒருவர், குழம்பின் பதத்துக்கு ஒருவர். உப்புக்குரிய பத்து மதிப்பெண் பத்தொன்பது வருடமாக ஆர்மிதோவுடையது. அவர் நாக்கில் ஒரு சொட்டு விட்டால் எத்தனை கல் உப்பு கூடுதல் என்று சொல்லிவிடுவார் என்பது ஊரார் நம்பிக்கை. அவரும் அதை மறுத்ததில்லை. அர்ஜியா கிணற்றுப் பேட்டைக்காரி. பதினொரு வருடமாக அந்தப் பேட்டைக்கு அவள்தான் சமைக்கிறாள், பதினொரு வருடமாக ஆர்மிதோ அவளுடைய சீட்டில் 'உப்பு கூடுதல்' என்று எழுதியிருக்கிறார், பதினொரு வருடமாக அவள் தோற்றிருக்கிறாள்.

ஆக, விஷயம் வெட்டவெளிச்சம். மூன்று மாதம் உப்பில்லாத சாப்பாட்டைப் போட்டு நடுவரின் நாக்கைக் கெடுப்பது. அப்படிப் பழகிய நாக்குக்கு ஞாயிற்றுக்கிழமை எல்லாக் குழம்பும் கடலாகத் தெரியும். நான்கு பேருக்கும் 'உப்பு கூடுதல்' விழும். அவளுடைய குறை மற்றவர்களின் குறையோடு கலந்து மறைந்துபோகும். ஆர்மிதோ இதை இரவெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்தபோது, கோபத்தைவிட மரியாதைதான் அதிகம் வந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தான். நிரூபித்துவிட்டால் விழாக் குழுவிடம் சொல்வார். கிணற்றுப் பேட்டையின் கொப்பரை சதுக்கத்துக்கே வராது. மனைவி இறந்ததிலிருந்து ஆறு வருடமாக மதியம் தவறாமல் உட்கார்ந்த இந்த மேஜைக்கு அவரும் வரமுடியாது. ஊரில் வேறு சாப்பாட்டுக்கடையும் கிடையாது.

நிரூபிக்கும் முன், தன் பக்கம் குறை இருக்கிறதா என்று பார்ப்பது முறை. கூடையிலிருந்து ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்துக் கடித்தார். அந்த மலைப்பக்கத்தில் ரொட்டி மாவில் உப்புப் போடும் வழக்கம் தாத்தா காலத்திலிருந்தே கிடையாது. மென்று பார்த்தார். சின்ன வயதில் எப்படி இருந்ததோ, இம்மியும் பிசகாமல் அப்படியே இருந்தது. நாக்கில் குறையில்லை என்று முடிவாயிற்று. நோட்டில் குறித்துக்கொண்டார்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் ஃபோஸ்கோ. ஊரின் சவ வண்டிக்காரர். தனி ஆட்களெல்லாம் ஒரே மேஜையில் உட்காரவேண்டும் என்பது அந்தக் கடையின் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டினால், பதினேழு முறை அபராதம் விதித்தவரும் பதினேழு முறை கட்டியவரும் ஆறு வருடமாக ஒரே எண்ணெய்க் குப்பியைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்ன, உருண்டைகிட்ட வாக்குமூலம் வாங்குறியா?" என்றார் ஃபோஸ்கோ. "ஆறுது, தின்னு."

"உன் தட்டுல எப்படி இருக்கு?"

"என் தட்டுல ஞோக்கி மாதிரி இருக்கு. உன் தட்டுல என்ன, குதிரையா?"

அப்போது ஃபோஸ்கோவின் கைபேசி அடித்தது. அந்த ஊரில் அது அடித்தால் சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் ஒரு நொடி கரண்டியை நிறுத்தித் தங்கள் வீட்டு ஆட்களை மனதில் எண்ணிப் பார்ப்பார்கள். ஃபோஸ்கோ துடைத்துணியை நாற்காலியில் போட்டுவிட்டு வாசலுக்குப் போனார். மற்றவர்கள் வாசலையே பார்த்தார்கள். ஆர்மிதோ மட்டும் மேஜையைப் பார்த்தார். இரண்டு தட்டிலும் ஒரே ஞோக்கி, ஒரே தக்காளிக் குழம்பு, ஏறக்குறைய ஒரே அளவு மிச்சம். சாட்சி கிடைக்கும் நேரம் இப்படித்தான் நொடியில் வரும். தட்டுகளை மாற்றி வைத்தார்.

ஃபோஸ்கோவின் தட்டிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டார். மென்றார். இன்னொன்று போட்டார். சூடு இருந்தது. மெத்தென்று இருந்தது. அவ்வளவுதான். தன் தட்டில் இருந்ததைவிடவும் ஒரு பிடி கூடுதலாகச் சப்பென்று இருந்தது. அப்படியானால் எல்லோருக்கும் உப்பில்லாமல்தான் போடுகிறாளா? ஊரையே ஏமாற்றுகிறாளா? ஒரு நிமிடம் அவருக்கு வழக்கு இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

ஃபோஸ்கோ திரும்பி வந்து உட்கார்ந்தார். "யாருமில்ல, பெட்டிக் கம்பெனிக்காரன்" என்று பொதுவாகச் சொன்னார். கடை முழுக்க மறுபடி கரண்டிச் சத்தம் கேட்டது. அவர் இரண்டு உருண்டையைச் சேர்த்துக் குத்தி வாயில் போட்டார். மெல்லுவது நின்றது. கன்னம் உப்பியபடி ஆர்மிதோவைப் பார்த்தார். கஷ்டப்பட்டு விழுங்கிவிட்டுத் தண்ணீரை ஒரு கோப்பை குடித்தார். இன்னொரு கோப்பை குடித்தார். மூன்றாவதற்கு ஆர்மிதோவின் கோப்பையை எடுத்துக்கொண்டார்.

"இது உன் தட்டா?"

ஆர்மிதோ நோட்டைத் தேடுவதுபோல் சட்டைப்பையைத் தடவினார்.

"சொல்லுய்யா. மாத்தி வச்சியா?"

"ஏன், என்ன இருக்கு அதுல?"

"கடலக் காய்ச்சி ஊத்தினாப்ல இருக்கு. தினம் இதத்தான் தின்னுட்டிருக்கியா?" ஃபோஸ்கோ குரலைத் தாழ்த்தினார். "உனக்கு நான் இப்பவே அளவெடுத்து வச்சுக்கணும் போலிருக்கே."

பிறகு ஃபோஸ்கோ சிரிக்கவில்லை. அவருடைய கண் ஆர்மிதோவின் முகத்திலிருந்து அவர் முன்னால் காலியாகிக்கொண்டிருந்த தட்டுக்குப் போய் மறுபடி முகத்துக்கு வந்தது. இறந்தவர் வீட்டில் நுழையும்போது வைத்துக்கொள்ளும் முகத்தை அவர் வைத்துக்கொண்டார். ஆர்மிதோவுக்கு அந்த முகம் பிடிக்கவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனார்.

போகிற பத்தடியில் ஜனவரி காய்ச்சல் ஞாபகம் வந்தது. இரண்டு வாரம் படுத்துக் கிடந்தது, மூக்கு அடைத்துக் கிடந்தது. எழுந்து நடமாடிய பிறகு காபி வெந்நீராக இருந்தது. காபி யந்திரத்தில் கோளாறு என்று கடையை மாற்றினார். அந்தக் கடையிலும் கோளாறு. ஊரில் இரண்டே காபிக்கடை என்பதால் பழைய கடைக்கே திரும்பி வந்தார். பக்கத்துவீட்டில் பால் தீய்ந்து தெருவே கூடியபோது, அவர் மட்டும் வீண்புரளி என்று ஜன்னலைச் சாத்தினார். நோட்டில் எழுதாத சாட்சியங்கள் இவை.

சமையலறையில் அர்ஜியா முதுகைக் காட்டி நின்றாள். அகன்ற கைகள், அறுபது வயது. அடுப்பில் ஒரு பெரிய பானை மூடிபோட்டுக் கொதித்துக்கொண்டிருந்தது. திட்டில் இரண்டு உப்புப் பெட்டிகள். ஒன்று பெரிது. ஒன்று சின்னது, அதன் பக்கத்தில் காலித் தட்டு ஒன்று தனியாக எடுத்துவைக்கப்பட்டிருந்தது.

"இங்கெல்லாம் வரக்கூடாதுன்னு தெரியாதா?" என்றாள் திரும்பாமலே. "வண்டி நிறுத்துற இடமா இது?"

"என் தட்டுல எவ்வளவு போடுற?"

இப்போது திரும்பினாள். வாசல்வழியாக மேஜையையும் ஃபோஸ்கோவின் முகத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டாள். மெதுவாகத் துடைத்தாள்.

"மொத தடவ திருப்பி அனுப்புனீங்க. போட்டேன். ரெண்டாவது தடவ அனுப்புனீங்க. போட்டேன். மூணாவது தடவ நானே ஒரு வாய் எடுத்துப் பாத்தேன். துப்பிட்டேன். அப்பறம் என்ன பண்ணச் சொல்றீங்க? அம்பது பேரு உக்காந்திருக்கிற எடத்துல வந்து, ஆர்மிதோ, உங்க நாக்கு போச்சுன்னு சொல்லவா?"

"நாக்கு நல்லாத்தான் இருக்கு. இப்பத்தான் ரொட்டி தின்னு பாத்தேன்."

அர்ஜியா அவரையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று விட்டுவிட்டாள். உப்பே போடாத ரொட்டி உப்புக்குச் சாட்சி ஆகுமா என்று அவள் கேட்காமல் விட்டது ஆர்மிதோவுக்குத் தானாகவே விளங்க அரை நிமிடம் ஆயிற்று. விளங்கியதும் நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"குழுகிட்ட சொல்லிடறேன்" என்றார். "வேற ஆள உக்கார வெக்கட்டும்."

"யார வெப்பாங்கன்னு தெரியுமில்ல? மருந்துக்கடைக்காரர. வடக்கத்தியான், வெண்ணெயிலயே சமைக்கிற ஊருக்காரன். நாப்பது வருஷமா இந்த ஊரு தண்ணியக் குடிச்சும் குழம்புக்குள்ள வெண்ணெயத் தேடுற மனுஷன். அவரா நம்ம பன்னிக்கு மார்க்கு போடறது?" அவள் ஒரு கரண்டியை எடுத்து, வேலையில்லாமல் திரும்ப வைத்தாள். "பேசாம உக்காருங்க. பத்தொம்பது வருஷம் பண்ணுனது. பழக்கத்துல வந்துரும். எனக்கும் ஒரேஸ்தேவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அவரு எங்க சொல்லப்போறாரு?"

அன்பான பேச்சுதான். ஆனால் முப்பத்து நான்கு வருடப் பழக்கம் நாக்கைப்போல ஒரு காய்ச்சலில் போய்விடுவதில்லை. எந்த விபத்திலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, இதனால் யாருக்கு லாபம் என்பதுதான். உப்புத் தெரியாத நடுவர் யாருக்கு லாபம்? பதினொரு வருடமாக உப்பைக் கூட்டிப்போட்டே தோற்றவளுக்கு. மூன்று மாதம் தினமும் அவர் தட்டில் கூடுதலாகப் போட்டு, வாசலில் நின்று அவர் முகத்தைப் பார்த்தாளே. வருத்தத்தோடு பார்த்தாளா, அளந்து பார்த்தாளா?

"நீ ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க இங்க வந்து சாப்பிடுவீங்களா? வீட்டுல ஒத்தையா உக்காந்து முட்டையப் பொரிச்சிட்டிருப்பீங்க."

உண்மை பேசுகிறவள் இதைத்தான் சொல்வாள். பொய் பேசுகிறவளும் இதையே, இதே நிதானத்தோடுதான் சொல்வாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ முகங்களை அவர் படித்திருக்கிறார். எதிரில் வண்டி வரவில்லை என்று சத்தியம் செய்த பாதிரியாரின் முகம் உட்பட.

"அந்தப் பானையில என்ன?"

"ஞாயித்துக்கெழமைக்கு ஒத்திகை."

"மூடியத் தூக்கு."

"நடுவரு முன்கூட்டிப் பாக்கக் கூடாதே."

"தூக்கு."

அர்ஜியா துணியால் பிடித்து மூடியைத் தூக்கினாள். இரண்டு நாள் திராட்சை மதுவில் ஊறிய காட்டுப்பன்றியும் பிரிஞ்சி இலையும் சேர்ந்து கொதித்த ஆவி குபுகுபுவென்று எழும்பியது. கூடத்தில் யாரோ "ஆகா" என்றார்கள். ஒரு நாற்காலி நகர்ந்தது. ஆர்மிதோ எழுந்து பானைக்கு மேல் குனிந்தார். முகத்தில் ஈரமும் சூடும் வந்து மோதின; மணம் மட்டும் வரவில்லை. மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போயிற்று.

"எப்படி இருக்கு?" என்று ஆவிக்கு அந்தப் பக்கமிருந்து அர்ஜியாவின் குரல் கேட்டது.

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தில் வருத்தம் இருக்கிறதா, அளவெடுப்பு இருக்கிறதா என்று படிக்க ஆவி விலகும்வரை காத்திருந்தார். பானை கொதித்துக்கொண்டே இருந்தது.